சிட்டிகையில் மூணு விருந்து

அந்த போர்டையா தம்பி பாக்கறீங்க? பாக்காதீங்க. வேணும்னா சன்னல் சீட்டை எனக்குக் குடுத்துப்போட்டு நீங்க இப்படி வந்து உக்காந்துக்குங்க. பாக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கும். கருப்புப் பலகை, 'சிட்டிகை'ன்னு வெள்ளை எழுத்து, கீழ ஒரு கரண்டி, கரண்டியில ஒத்தை மொளகு. நான்கூட மொத மொத பாத்தப்ப விளம்பரத்துக்குப் படம் போட்டிருக்கான்னு நெனச்சேன். இல்லீங்க. அதுதான் சாப்பாடு. அளவு மாறாம அப்படியே போட்டிருக்கான். அந்த விசயத்துல நாணயமான ஆளுதான்.

நல்லா இருக்குமான்னு கேக்கறீங்களே, ஆருகிட்டக் கேக்கறீங்க? என்னைவிட்டா அதைச் சொல்றதுக்கு இந்தக் கோயமுத்தூர்ல ஆளே இல்லீங்க. மூணு தரம் உண்டிருக்கேன் அங்க. மூணு தரமும் ஏமாந்திருக்கேன். பேப்பர்ல போடறான், டிவியில காட்டறான், நாட்டுலயே பேர் போன ஓட்டல்னு டெல்லிக்காரன் வந்து பட்டயம் குடுத்துட்டுப் போறான். குடுப்பான். அவன் ஊருக்குத் திரும்பிப் போய் ரொட்டி தின்னுக்குவான். பஸ்சு ஈரோடு போய்ச் சேர இன்னும் நேரம் கெடக்குது. சொல்றேன், கேளுங்க. கேட்டுப்போட்டு நீங்களே முடிவு பண்ணுங்க.

நமக்கு கணபதியில பம்ப்செட் ஸ்பேர் கடைங்க. நாச்சிமுத்து கடைன்னா அந்தப் பக்கம் தெரியாதவங்க இல்ல. ஊட்டுக்காரி பேரு மரகதம். அவளைப் பத்திச் சொல்லோணும்னா... அமைதியானவ. அவ்வளவுதான், வேற என்னத்தைச் சொல்றது. கண்ணாலமாகி முப்பத்திநாலு வருசம், ஒரு நாளு எதுத்துப் பேசுனதில்ல. எனக்குத் தோசைன்னா கல்லுல இருந்து நேராத் தட்டுக்கு வரோணும், நடுவுல எங்கயும் நிக்கப்படாது. அது அவளுக்குத் தெரியும். தட்டுல இருக்கறதோட கடைசித் துண்டை நான் வாயில வெக்கறப்ப அடுத்தது வந்து விழுகும். கொழம்புல உப்பு இத்தனூண்டு கொறஞ்சாலும் நான் சொல்லிப்போடுவேன். சொன்னாத்தானுங்க திருந்துவாங்க? இத்தனை வருசமாச் சொல்லிச் சொல்லித்தான் அவ கைக்கு அந்தப் பக்குவமே வந்துச்சு. அதுல என்ற பங்கு பெரிசுங்க. நான் அதை வெளிய சொல்லிக்கறதில்ல.

அவ எப்ப உண்ணுவாளா? அது எனக்கு எப்படிங்க தெரியும்? நான் கை கழுவுனதும் கடைக்குப் போயிருவேன்.

சரி, விசயத்துக்கு வாறேன். என்ற அறுபதாங் கண்ணாலத்துக்குத் திருக்கடையூர் போலாம்னு பையன் சொன்னான். பிரகதீஸ்னு பேரு, பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலை. எனக்குக் கூட்டம் ஆகாது, வேண்டாம்னுட்டேன். ஒடனே இந்தச் சிட்டிகையில எங்க ரெண்டு பேருக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பதிவு பண்ணிப்போட்டான். "அப்பா, அங்க ஆறு வாரம் முன்னாடியே சொல்லி வெச்சாத்தான் எடம் கெடைக்கும். வெளிநாட்டுக்காரங்களே காத்துக் கெடக்கறாங்க"ன்னான். "கண்ணு, சோத்துக்கு ஆறு வாரம் காத்துக் கெடந்தா ஆளு செத்துப் போயிருவான்டா"ன்னேன். சிரிச்சான். நான் சிரிப்புக்குச் சொல்லுலீங்க.

போனோம். நல்ல உச்சி வெயிலு. உள்ள நொழைஞ்சா இருட்டு. கரண்ட் போயிருச்சான்னு வாசல்ல நின்ன ஆளைக் கேட்டேன். "இல்ல சார், இது எங்க மூடு"ன்னான். மூடுன்னா எதை மூடறதுன்னு நான் கதவைப் பாத்தேன். என்ற கையைப் புடிச்சு மரகதம், "பேசாம வாங்க"ன்னா. அப்பவே எனக்குப் பொறி தட்டியிருக்கோணும். பேசாம வாங்கன்னு என்னையச் சொன்னது அதுதான் மொத தடவை.

மெனு கார்டு இல்லீங்க அங்க. கருப்புத் துணி உடுத்துன ஒரு புள்ளை வந்துச்சு. ஷெர்லின்னு பேரு, நாகர்கோயில் பக்கமாம். "ஷெஃப் இன்னைக்கு என்ன நினைக்கிறாரோ அதுதான் சார் சாப்பாடு"ன்னுச்சு. "எங்க ஊட்டுலயும் அப்படித்தான் அம்மிணி, என்னத்தைப் போடறாளோ அதைத்தான் திங்கறோம். ஆனா வயிறு ரொம்பும்"னேன். அந்தப் புள்ளை நல்லாச் சிரிச்சுது. நல்ல புள்ளைங்க, அதுமேல எனக்கு ஒண்ணுமில்ல. அது வேலை அது பாக்குது.

மொதல்ல ஒரு கல்லு வந்துச்சு. ஆமாங்க, ஆத்துக் கல்லு. அதும்மேல ஒரு எலை, எலைமேல ரெண்டு சொட்டு என்னமோ. அதுக்குப் பேரு 'அமராவதிக் கரை, சாயங்காலம்'. சாயங்காலம்னா போண்டா வரோணும், பஜ்ஜி வரோணும். எது திங்கறது, எது திங்கப்படாதுன்னே தெரியுல. நான் எலையை எடுத்து மென்னு முழுங்கிப்போட்டேன். அந்தப் புள்ளை மெதுவா வந்து, "சார், இலை அலங்காரத்துக்கு"ன்னுச்சு. அப்பறம் ஒரு கண்ணாடி மூடி வந்துச்சு, உள்ள பூராப் பொகை. நான் அவசரமாத் தொறந்து ஊதி அணைச்சுட்டேன். அணைக்கப்படாதாமா. பொகைதான் அங்க சமையலே.

பச்சைப்புளி ரசம் வந்துச்சுங்க. நம்மூர் ரசம். ஆஸ்பத்திரியில ரத்தம் எடுப்பாங்களே, அந்தக் குழாய் அளவுக்கு ஒரு குழாய்ல வந்துச்சு. குளுகுளுன்னு. ரசத்தை ஐஸ் வெச்சுக் குடுக்கறவனை எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா? அப்பறம் அரிசியும் பருப்பும்னாங்க. ஆகா, இதுதான் சோறுன்னு நிமுந்து உக்காந்தேன். வந்தது ஒரு அப்பளத் துண்டு, அதும்மேல சோப்பு நொரை. அதுதான் பருப்பாம். தட்டைக் கழுவிப்போட்டு சரியா அலசாம எடுத்தாந்துட்டாங்கன்னு நெனச்சேன். கறி ஒரு துண்டு வந்துச்சு, தீப்பெட்டியில பாதி. கடைசீல கொள்ளுல ஐஸ்கிரீம். கொள்ளு குதிரைக்குங்க. மிஞ்சுனா நமக்கு ரசத்துக்கு. ஐஸ்கிரீம் ஆருக்கு?

நடுவுல நான் பொறுக்கமாட்டாம, "அம்மிணி, சோறு எப்ப வரும்?"னு கேட்டேன். "சார், நீங்க இப்ப ஏழாவது கோர்ஸ் சாப்பிட்டுட்டு இருக்கீங்க"ன்னுச்சு. "அது உனக்குத் தெரியுது. வயித்துக்குத் தெரியோணுமே?" பக்கத்து மேசைக்காரன் திரும்பிப் பாத்தான். பாக்கட்டும்.

இத்தனைக்கும் நடுவுல மரகதம் என்ன பண்ணுனாங்கறீங்க? தின்னா. ஒவ்வொண்ணையும் கொஞ்சங் கொஞ்சமா எடுத்து, வாயில வெச்சு, ரோசனை பண்ணிப் பண்ணித் தின்னா. "எப்படி இருந்துச்சு மேடம்?"னு அந்தப் புள்ளை கேட்டப்ப, பொறத்தால ஆராச்சும் நிக்கறாங்களான்னு திரும்பிப் பாத்தா. தன்னையத்தான் கேக்கறாங்கன்னு அவளுக்கே தெரியுல. தெரிஞ்சதும் ஆரம்பிச்சா பாருங்க. "நாக்குல வெச்சதும் சில்லுனு இருந்துச்சுங்க, தொண்டைக்குப் போறப்பத்தான் புளிப்பே தெரிஞ்சுது, சின்ன வெங்காயம் போட்டிருக்கீங்களா, இது என்ன வாசம்?"னு ஒரே பேச்சு. அந்தப் புள்ளையும் வேற வேலை இல்லாத மாதிரி நின்னு கேக்குது. எனக்குச் சங்கடமாப் போச்சு. சோத்தைப் பத்தி இத்தனை பேசறதுக்கு என்ன இருக்குதுங்க? உப்பு இருக்கா, இல்லையா, அவ்வளவுதான?

அதைவிட ஒண்ணு கேளுங்க. அத்திப்பழமும் ஆட்டுப்பால் கட்டியும்னு ஒண்ணு வந்துச்சு. மரகதம் ஒரு வாய் வெச்சுட்டுக் கரண்டியைக் கீழ வெச்சுட்டா. "பிடிக்கலையா மேடம்?"னு புள்ளை கேட்டுச்சு. அவ என்ற மொகத்தைப் பாத்தா. நான், சும்மா தின்னுன்னு கண்ணைக் காட்டுனேன். அவ அந்தப் புள்ளை பக்கம் திரும்பி, "புடிக்கலீங்க"ன்னுட்டா. மெதுவாத்தான் சொன்னா. ஆனாச் சொல்லிட்டா. அந்தப் புள்ளை, "சரி மேடம்"னு அதை எடுத்துட்டுப் போய் வேறொண்ணு கொண்டாந்து வெச்சுது. அது அக்கட்டால போற வரைக்கும் மரகதம் பாத்துட்டே இருந்தா. அப்பறம் என்ற காதுகிட்ட வந்து, "கோவிச்சுக்கவே இல்லீங்க"ன்னா.

எனக்கு வந்துச்சே கோவம். அன்னம் லட்சுமியில்லீங்களா? எலையில போட்டதைப் புடிக்கலைன்னு சொல்லலாமா ஒரு பொம்பளை? ஊட்டுக்கு வர்ற வழியெல்லாம் அதைத்தான் சொன்னேன், போட்ட சாப்பாட்டைக் கொறை சொல்லப்படாதுன்னு.

ஊட்டுக்கு வந்தா எனக்குப் பசி காதை அடைக்குது. அரிசியும் பருப்புஞ் சோறு பண்ணுன்னேன். பட்டுச்சேலையக்கூட மாத்துலீங்க, அப்படியே அடுப்புக்குப் போயிட்டா. அந்த மட்டுக்கும் நல்லவதான். எனக்குப் போட்டுப்போட்டு சும்மா நின்னா. அவ மொகத்தைப் பாத்தா வயிறு ரொம்புன மாதிரி இருந்துச்சு. நான் தின்னதைத்தான அவளும் தின்னா? எப்படி ரொம்பும்? அதுதான் இன்னைக்கு வரைக்கும் எனக்கு வெளங்குல.

அதோட விட்டிருக்கலாமுங்க. கெரகம், சம்பந்தி ரூபத்துல வந்துச்சு.

மகளைக் குடுத்திருக்கறது இந்த ஈரோட்டுலதான். சம்பந்தி தெய்வசிகாமணிக்கு மஞ்ச மண்டி. கொஞ்சம் பகட்டான ஆளு. அவரு போன் போட்டு, "ஏனுங்க சம்பந்தி, சிட்டிகைக்குப் போனீங்களாமா? எங்களுக்கெல்லாம் அங்க எடமே கெடைக்க மாட்டேங்குதே, எப்படி இருந்துச்சு?"ன்னாரு. கொடுமைங்கன்னுதான் சொல்ல வந்தேன். ஆனா அவரு குரல்ல ஒரு ஏக்கம் இருந்துச்சு பாருங்க, அதைக் கேட்டதும் என்ற வாயி, "சொர்க்கமுங்க சம்பந்தி"ன்னுருச்சு. "அதெல்லாம் நாக்கு உள்ளவங்களுக்குத்தான் புரியும்"னு வேற சேத்துப்போட்டேன். "அப்ப ஒரு நாளைக்கு எங்களையும் கூட்டிட்டுப் போங்க"ன்னாரு. மாட்டிக்கிட்டேன். பையனையே மறுக்காப் பதிவு பண்ணச் சொன்னேன்.

ஆனா நானும் ரோசனையான ஆளுங்க. ரெண்டாந் தடவை ஏமாறக் கூடாதுன்னு, பதினோரு மணிக்கே மரகதத்தைச் சமைக்கச் சொல்லி, கத்திரிக்காக் கொழம்பு ஊத்திக் கட்டு கட்டுன்னு கட்டிப்போட்டேன். போதாததுக்கு, எலுமிச்சங்கா ஊறுகாயில கொஞ்சம் சின்ன டப்பாவுல போட்டு அவ கைப்பையில எடுத்துக்கச் சொன்னேன்.

அங்க போனா, அன்னைக்குன்னு பாத்து பதார்த்தம் பதார்த்தமா வருது. கல்லுகூடக் கொஞ்சம் பெரிசா இருந்த மாதிரி தோணுச்சு. எனக்கு ஒரு வாய் உள்ள எறங்குல. தொண்டை வரைக்கும் கத்திரிக்கா. மொத தடவை பசியோட போய் ஏமாந்தேன், ரெண்டாந் தடவை பசியில்லாமப் போய் ஏமாந்தேன். ஊறுகாயாச்சும் தொட்டுக்கலாம்னு மேசைக்கடியில கையை நீட்டுனா, "கொண்டாருலீங்க"ன்னா மரகதம். "மறந்துட்டயா?" "இல்லீங்க, கொண்டாருல." அதென்ன பதிலுங்க அது?

சம்பந்தி ரெண்டு பேரும் ஒவ்வொரு துளியையும் தின்னுப்போட்டு என்ற மொகத்தையே பாக்கறாங்க. நானும், "பாத்தீங்களா, அந்தப் பொகையோட ருசி!"ன்னு தலையை ஆட்டறேன். என்ற நெலமை எந்த எதிரிக்கும் வரக் கூடாது.

அதுல அந்த ஷெர்லின் புள்ளை வந்து, "வாங்க மரகதம் மேடம்! போன தடவை உங்களுக்கு அத்திப்பழம் பிடிக்கல இல்லையா, இன்னைக்கு உங்களுக்கு மட்டும் வேற செய்யச் சொல்லியிருக்கேன்"னுச்சு. சம்பந்தியம்மா வாயைத் தொறந்துட்டாங்க. "உங்களுக்குத் தெரிஞ்ச புள்ளைங்களா அக்கா?"ன்னாங்க. பணம் கட்டுனது என்ற பையன், கூட்டிட்டுப் போனது நான், என்ற பேரு ஒருத்தருக்கும் நெனப்பில்ல. நான் வெறும் சார்.

"அடுத்தது சுட்ட கத்திரிக்காய். வேற ஏதாவது வேணும்னா முன்னாடியே சொல்லிடுங்க மேடம்"னுச்சு அந்தப் புள்ளை. நான் விடுவனுங்களா? சம்பந்தி முன்னால, ஊட்டுக்காரியோட ருசி அறிஞ்ச மனுசன்னு காட்டோணுமில்ல? "எதுக்கு மாத்தறது? மேடத்துக்குக் கத்திரிக்கான்னா உசுரு. எங்க ஊட்டுல வாரத்துக்கு ரெண்டு நாளு அதுதான்"னேன்.

மரகதம் தண்ணி டம்ளரைக் கீழ வெச்சா. "அது உங்களுக்குப் புடிக்கறதுங்க"ன்னா. அப்பறம் அந்தப் புள்ளையைப் பாத்து, "எனக்குக் கத்திரிக்கா ஆகாதும்மா. சின்னதுல இருந்தே நாக்கு அரிக்கும்"னா.

அப்பறம் சம்பந்தி சிரிச்சாரு பாருங்க ஒரு சிரிப்பு. மஞ்ச மண்டியில ஏலம் எடுத்தவன் சிரிப்பு. "ஏனுங்க அண்ணா, இத்தனை வருசமா அக்காவுக்கு அரிக்கறது உங்களுக்குத் தெரியாதுங்களா?"ன்னு சம்பந்தியம்மா கேட்டாங்க. நான் தண்ணி டம்ளரை எடுத்துக் குடிச்சேன். மரகதத்துக்கு வெண்பூசணியில என்னமோ வந்துச்சு. எனக்குச் சுட்ட கத்திரிக்கா வந்துச்சு. அதை நான் தொடவே இல்ல.

ஊட்டுக்கு வந்து கேட்டேன், "ஏன் சொல்லுல?"ன்னு. "நீங்க கேக்குலீங்க"ங்கறா. கேக்காட்டி? வாயில்லையா? கடைக்கு வர்றவன் கேக்காமயே, இந்த பேரிங் உன்ற மோட்டாருக்கு ஆகாதுன்னு நான் சொல்றதில்லையா? முப்பத்திநாலு வருசமா வாரத்துக்கு ரெண்டு நாளு கத்திரிக்காயை வெச்சுப்போட்டு, தான் மோரு ஊத்தித் தின்னுருக்காளாமா, தம்பி. எத்தனை அழுத்தம் பாருங்க. பொம்பளைங்க மனசுல என்ன இருக்குதுன்னு ஆராலயும் கண்டுபுடிக்க முடியாதுன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? எனக்கு ரெண்டு நாளைக்குச் சோறு எறங்குல. கொழம்பை ஊத்தறப்பல்லாம் அவ நாக்கு நெனப்புக்கு வருது. எல்லாம் இந்தச் சிட்டிகைக்காரன் பண்ணுன வேலை. அவம்பாட்டுக்கு எதையோ போட்டுட்டுப் போகாம, என்ன புடிக்கும், எது புடிக்காதுன்னு எதுக்கு ஊட்டுப் பொம்பளைங்களைக் கெளப்பி உடறான்?

போனை எடுத்தேன். நெட்டுல அந்த ஓட்டலைப் பத்திக் கருத்துச் சொல்ல எடம் இருக்குதில்ல, அதுல ஒத்தை நட்சத்திரம் குத்திப்போட்டு எழுதுனேன். 'இங்கே கல் கொடுக்கிறார்கள். புகை கொடுக்கிறார்கள். சோறு கொடுப்பதில்லை. குடும்பஸ்தர்கள் தவிர்க்கவும். இப்படிக்கு கணபதி நாச்சிமுத்து.' நல்லா எழுதியிருக்கேன்னு கடைக்கு வந்தவங்க எல்லாரும் சொன்னாங்க.

மறுநாளே பதில் போட்டுட்டான். 'மதிப்பிற்குரிய நாச்சிமுத்து சார், தங்களுக்கு ஏற்பட்ட ஏமாற்றத்துக்கு வருந்துகிறோம். மரகதம் மேடத்தை நாங்கள் விசாரித்ததாகச் சொல்லவும்.'

எப்படி லொள்ளு பாத்தீங்களா? அவளும் சிரிப்பான்னு நெனச்சு சத்தமாப் படிச்சுக் காட்டுனேன். சிரிக்குல. கையைத் தொடைச்சுட்டு வந்து போனை வாங்குனா. ஒருக்காப் படிச்சா. திரும்பவும் ஒருக்காப் படிச்சா. குடுத்துப்போட்டு உள்ள போயிட்டா.

அந்த வியாழக்கெழமை, நான் கடைக்குக் கெளம்பறப்ப, "சாதம் வடிச்சு ரசம் வெச்சிருக்கனுங்க, மத்தியானம் வந்து போட்டு உண்டுக்குங்க"ன்னா. "ஏன், நீ எங்க போறே?" "வெளிய சாப்படறதுக்குப் போறனுங்க." "ஆரு கூட?" "தனியாத்தான். ஷெர்லின்கிட்டக் கேட்டேன், ஒரு ஆளுக்குன்னா எடம் இருக்குதுன்னாங்க." பணத்துக்குக் கேக்கவே இல்லீங்க. அவங்க அம்மா ஊட்டுத் தென்னந்தோப்புல பங்கு வருது, பேங்க்ல கெடக்குது. இத்தனை நாளு அதை நான் நெனச்சுப் பாத்ததே இல்ல.

சும்மா மெரட்டறான்னு நெனச்சேன். கடையில போய் உக்காந்தா உக்கார முடியுல. ஒருத்தன் வாஷர் கேட்டான், போல்ட்டைக் குடுத்தேன். ஷட்டரை எறக்கிப்போட்டு வண்டியை எடுத்தேன்.

ஓட்டல் வாசல்ல எடமில்லைன்னான். அறுபது வயசு மனுசன், சர்க்கரை இருக்குது, மயக்கம் வருதுன்னேன். வந்துச்சுங்க மயக்கம், பொய்யில்ல. ஆரோ வரலைன்னு ஒரு மேசை காலியா இருந்துச்சு. தூணோரத்துல, சமையக்கட்டுக் கதவுக்குப் பக்கத்துல. ஆருமே கேக்க மாட்டாங்க அந்த மேசையை. அதுல உக்காத்தி வெச்சாங்க.

தூணுக்கு இந்தப் பக்கம் சாஞ்சு பாத்தேன். அந்த இருட்டுல வெளிச்சம் வர்ற ஒத்தைச் சன்னலோரத்துல உக்காந்திருக்கா. என்ற அறுபதுக்குக் கட்டுன அதே அரக்குச் சேலை. தனியா. ஒரு பயமும் இல்ல. ஒரு வாய் தின்னுட்டு வெளிய மரத்தைப் பாக்கறா. திரும்பவும் ஒரு வாய். அவசரமே இல்லீங்க. அடுப்புல எதுவும் தீயற மாதிரி இல்ல, எந்திரிச்சு ஓடோணும்னு இல்ல. ரசக் குழாயை வாயில கவுத்துட்டு கண்ணை மூடுனா. எனக்குத் தெரிஞ்சு அவ கண்ணை மூடி நான் பாத்தது சாமி கும்புடறப்பத்தான்.

என்ற முன்னால கல்லு வந்துருச்சு. நான் பாக்குல. எந்திரிச்சு நேரா அவ மேசைக்குப் போனேன். எதுத்தாப்பல இருந்த நாற்காலியை இழுத்தேன்.

"சார், ஒரு நிமிசம்"னு ஷெர்லின் புள்ளை வந்து நின்னுச்சு. என்னைக் கேக்குலீங்க. மரகதத்துக்கிட்ட குனிஞ்சு, "மேடம், சார் உங்களோட உட்காரலாமா?"ன்னு கேட்டுச்சு.

தம்பி, நல்லாக் கேட்டுக்குங்க. தாலி கட்டுனவன் பொண்டாட்டி பக்கத்துல உக்கார்றதுக்கு அனுமதி கேக்கறாங்க. அவகிட்ட. நாகர்கோயில்ல இருந்து வந்த புள்ளை. நான் சிரிச்சேன். மரகதமும் சிரிச்சுப்போட்டு உக்காருங்கன்னு சொல்லுவான்னு பாத்தேன்.

அவ வாயைத் தொடைச்சா. என்னைப் பாத்தா. கோவமா எல்லாம் பாக்குலீங்க, கோவமாப் பாத்திருந்தாத் தேவலை. தெரிஞ்சவங்களை பஸ்டாண்டுல பாத்தா பாப்போமில்ல, அப்படிப் பாத்தா. "நான் உண்டு முடிச்சுக்கறம்மா. அதுக்கப்பறம் பாத்துக்கலாம்"னா.

"சரி மேடம்"னுச்சு அந்தப் புள்ளை. நாற்காலியை எடுத்து உள்ள தள்ளி வெச்சுது. எனக்கு வழி காட்டுச்சு.

நான் வந்து தூணோரத்துல உக்காந்தேன். சத்தம் போட்டிருக்கலாம். நம்ம கடையா இருந்தா போட்டிருப்பேன். அங்க அந்த இருட்டுல, அத்தனை பேரு குசுகுசுன்னு பேசறப்ப, குரலே எழும்புல. என்னமோ ஒண்ணொண்ணா வந்துச்சு, என்னமோ தின்னேன். பசிச்சுதா, இல்லையான்னு கேட்டா எனக்குத் தெரியுல. அவ முடிக்கற வரைக்கும் காத்திருந்தேன். அந்தக் காத்திருக்கறது இருக்குது பாருங்க, அது எனக்குப் பழக்கமில்லாத வேலைங்க. கையை எங்க வெக்கறதுன்னே தெரியுல.

கடைசீல அவளே வந்து என்ற மேசைக்கிட்ட நின்னா. "போலாமுங்களா?"

வண்டியில பின்னால உக்காந்தா. லட்சுமி மில் சிக்னல்ல நிக்கறப்ப எனக்குப் பொறுக்குல. "அப்படி என்னத்தைத்தான் போட்டாங்க உனக்கு?"ன்னேன். கோவத்துலதாங்க கேட்டேன். அவ அதை நெசமாலுமே கேக்கறேன்னு எடுத்துக்கிட்டா. சொல்ல ஆரம்பிச்சுட்டா. வெண்பூசணியை நூலு மாதிரி சீவி மோர்ல ஊற வெச்சிருந்தாங்களாம், மேல பொடிசா வறுத்த கருவேப்பலையாம். கறியை வாழைப்பட்டையில கட்டி வாட்டியிருந்தாங்களாம், தொட்டா நாரு நாராப் பிரியுதாம். கொள்ளு ஐஸ்கிரீம்ல கருப்பட்டியாம், அது மட்டும் எட்டு நாளைக்கு நாக்குலயே இருக்குமாம். காதுகிட்ட ஓயாமச் சொல்லிட்டே வாறா. நானும் கேட்டுட்டே வந்தேன். வேற என்ன பண்றது, ஓடற வண்டியில இருந்து குதிக்கவா முடியும்? கணபதி வந்தும் முடியுல. ஒரு சுத்து சுத்தி வந்தேன். பெட்ரோல் போடோணும்னு இருந்துச்சு, அதுக்காக.

ஊட்டு முன்னால எறங்குனப்ப, "அடுத்த தரம் போறதுன்னா சொல்லு, நானும் வாறேன்"னேன். தனியாப் போற பொம்பளைக்கு ஒரு தொணை வேணுமில்லீங்களா? அவ பூட்டைத் தொறந்துட்டே, "வாங்க. ஆனா வேற மேசையில உக்காந்துக்குங்க"ன்னா.

பொறவா? பொறவு போனேனான்னா... போயிட்டுத்தாங்க இருக்கேன். மூணு தரம்னு சொன்னது உண்டது. அதுக்கப்பறம் போறதை நான் கணக்குல சேக்கறதில்ல, அது சாப்பாட்டுக்குப் போறதில்லீங்க. அவ சன்னல்கிட்ட, நான் தூணுகிட்ட. அந்தத் தூணுக்கு இப்படிச் சாஞ்சாப்பல உக்காந்தா அவ மொகம் நேராத் தெரியும். நம்மூட்டுல அவ உண்டு நான் பாத்ததே இல்லியே தம்பி, நான்தான் கடைக்குப் போயிருவேனே. ஒருக்கா அவளும் என்னையப் பாத்துட்டா. கையில இருந்த குழாயை இத்தனூண்டு மேல தூக்கிக் காட்டுனா, ரசம் நல்லா இருக்குதுங்கற மாதிரி. நானும் தலையை ஆட்டுனேன். அந்தக் கண்ராவியை எப்படி நல்லா இருக்குதுன்னு சொல்றது? ஆட்டி வெச்சேன்.

ஆச்சு, பெருந்துறை வந்துருச்சு. நீங்க போறதுன்னாப் போங்க, உங்க இஷ்டம். வயித்தைக் காயப்போடறதுக்குக் காசு குடுக்கறீங்க, நான் ஆரு தடுக்கறதுக்கு. ஆனா ஒண்ணு. வியாழக்கெழமை மத்தியானம் போனீங்கன்னா, தூணோரத்து மேசையைக் கேட்டுப்போடாதீங்க. அது நம்முளுது.